இரைச்சல் மிகுந்த காக்பிட்டுக்கு ஹெட்செட் தேர்ந்தெடுப்பது எப்படி? விமானிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஹெட்செட் வாங்கப் போகும் விமானிகள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை டெசிபல் குறைக்கும்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்குப் பதிலாகக் கிடைக்கும் ஒற்றை எண்ணை மட்டும் நம்பி முடிவெடுத்தால், புரொப்பெல்லரால் இயங்கும் டர்போபிராப் விமானத்தில் அருமையாக உழைத்த ஹெட்செட் ஜெட் விமானத்தில் வெறும் தலைப்பாரமாகிவிடுவதும், ஜெட்டில் எல்லோரும் புகழும் மெல்லிய ஹெட்செட் புரொப்பெல்லரின் உறுமலுக்கு முன் எடுபடாமல் போவதும் நடக்கும். இந்த வழிகாட்டி முன்வைக்கும் அளவுகோல் வேறு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட பிறகு ரேடியோவின் வால்யூமை எவ்வளவு குறைத்து வைக்க முடிகிறது, அப்படிக் குறைத்த நிலையிலும் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பேச்சும் விமானத்தின் எச்சரிக்கை ஒலிகளும் தெளிவாகக் காதில் விழுகின்றனவா என்பதே அது.

வால்யூமுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், விமானியின் காதுக்குள் போவது காக்பிட்டின் இரைச்சல் மட்டுமல்ல. அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காக அவரே உயர்த்தி வைக்கும் ரேடியோ ஒலியும் அதோடு சேர்கிறது. இரைச்சல் எவ்வளவு உயர்கிறதோ அதற்கு மேலே ரேடியோவும் உயர்ந்தாக வேண்டும். நாள் முழுவதும் இப்படிக் கேட்டால், காதுக்குக் கேடு செய்வது பல நேரங்களில் எஞ்சினோ காற்றோ அல்ல, ஹெட்செட்டின் ஒலிபெருக்கிதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ், ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் (ஏ) என்பதை மேல்வரம்பாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறைகிறது: 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். வால்யூம் குமிழைச் சற்றே திருப்புவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

விமானிக்கு இது உடல்நலம் மட்டுமின்றி உரிமம் சார்ந்த விஷயமும் ஆகும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, முதல் வகை மருத்துவச் சான்றுக்கான செவித்திறன் சோதனையில் எந்த ஒரு காதிலும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் இழப்பு 35 டெசிபலையும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலையும் தாண்டக் கூடாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு வழக்கமாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் முதலில் தலைகாட்டும். அதாவது, சோதனையில் சிக்கல் வரும் முன்பே, வெகு காலமாகவே பாதிப்பு நடந்துகொண்டிருக்கும்.

படி 1: உங்கள் காக்பிட்டின் இரைச்சல் எந்த வகை என்று கண்டறியுங்கள்

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. பயணிகள் ஜெட் விமானத்தின் காக்பிட்டில் எஞ்சின்கள் வெகு பின்னால் இருக்கின்றன; அங்கே காதில் அறைவது விமானத்தின் மூக்கையும் கண்ணாடிகளையும் உரசிச் செல்லும் காற்றும், குளிரூட்டும் காற்றின் சீறலும், மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் விசிறிகளும்தான். இது அகன்ற அதிர்வெண் பரப்பில் விரவிய "உஸ்ஸ்" என்ற ஓசை. இதில் நடுத்தர, உயர் அதிர்வெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பயண உயரத்தில் இது ஏறத்தாழ 75 முதல் 85 டெசிபல் (ஏ) வரை இருக்கலாம். வேகம் கூடக் கூட இதுவும் கூடும் என்பதால், அதிவேகமாகக் கீழிறங்கும் கட்டத்தில் ஓசை உச்சம் தொடும். கட்டுப்பாட்டு அறையோடு பேச்சு அதிகரிக்கத் தொடங்கும் நேரமும் அதுதான் என்பது விமானிகளுக்குத் தெரியும்.

டர்போபிராப் விமானத்தின் கதை வேறு. ஏடிஆர் 72-இன் 500, 600 வகைகளில் ஆறு இதழ்கள் கொண்ட புரொப்பெல்லர் உச்ச நிலையில் நிமிடத்துக்கு 1200 சுற்றும், பயண நிலையில் அதில் 82 விழுக்காடும் சுழல்கிறது. 984 சுற்றை ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்தால் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ் வரும். அதுதான் அந்தக் காக்பிட்டில் மணிக்கணக்கில் நெஞ்சில் அதிரும் உறுமலின் அடிப்படை அதிர்வெண். கியூ400 விமானத்தின் ஆறு இதழ் புரொப்பெல்லர் பயணத்தில் 850 சுற்று சுழலும்போது இது 85 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை வெறும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் தடுப்பது மிகக் கடினம்.

உங்கள் விமானம் இவ்விரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஓரளவு நீங்களே அளந்து பார்க்கலாம். ஒலி அளக்கும் செயலிகளில் "ஏ" எடையிடல், "சி" எடையிடல் என இரண்டு அளவு முறைகள் இருக்கும். "ஏ" முறை தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரிதும் ஒதுக்கிவிட்டு மனிதக் காதைப் போல அளக்கிறது. "சி" முறை அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே இடத்தில், ஒரே நிலையில் இரண்டையும் அளந்து, "சி" அளவு "ஏ" அளவைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தால் உங்கள் எதிரி தாழ்ந்த அதிர்வெண். இரண்டும் நெருங்கி வந்தால் எதிரி காற்றின் சீறல். நயாஷ் நிறுவனமே ஐபோனுக்கு இலவசச் செயலி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. கைப்பேசியின் மைக் மிகத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும் என்பதால் இந்த எண்களைத் துல்லியமான அளவீடாகக் கொள்ளாமல், ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அளப்பவர் விமானத்தை இயக்கிக்கொண்டிருப்பவராக இருக்கக் கூடாது என்பதையும், கைப்பேசிப் பயன்பாடு குறித்த நிறுவன விதிகள் இதற்கும் பொருந்தும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

படி 2: எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெட்செட் இரைச்சலை இரு வழிகளில் குறைக்கிறது. ஒன்று, காதை மூடுவது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. மற்றொன்று, காது மூடிக்குள் இருக்கும் சிறு மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை ஒலிபெருக்கி வழியே உருவாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வது. ஏஎன்ஆர் என்று விமானிகள் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான். ஜெர்மானியரான பால் லூக் இந்தக் கருத்துக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதைக் காதளவுக்குச் சுருக்க அரை நூற்றாண்டு ஆனது. வாயேஜர் விமானம் 1986-இல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றியபோது டிக் ருட்டன், ஜீனா யேகர் இருவரின் செவியையும் காத்தது போஸ் நிறுவனத்தின் முன்மாதிரி ஹெட்செட். இடைவிடாது ஒரே சீராக உறுமும் பிஸ்டன் எஞ்சின்களுக்கு நடுவே இந்த நுட்பம் தன்னை நிரூபித்தது தற்செயல் அல்ல. அதன் பலமே அந்த வகை ஒலியில்தான் இருக்கிறது.

ஏன் என்பதைச் சிறு கணக்கு விளக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடிய 10 மில்லி விநாடி ஆகும். எதிர் அலையை உருவாக்குவதில் 0.1 மில்லி விநாடி தாமதம் ஏற்பட்டாலும் அது ஓர் அலையில் நூற்றில் ஒரு பங்குதான். இரண்டும் ஏறக்குறைய முழுமையாகவே அழிந்துவிடும். அதே தாமதம் 4000 ஹெர்ட்ஸ் ஒலியில் என்னவாகும்? அதன் ஓர் அலையே 0.25 மில்லி விநாடிதான். தாமதம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு. எதிர் அலை அழிப்பதற்குப் பதிலாக இரைச்சலோடு சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஏஎன்ஆர் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும், காதை மூடும் பொருள் அதற்கு மேலேயும் வேலை செய்கின்றன.

இதிலிருந்து ஒரு முக்கியமான எச்சரிக்கை பிறக்கிறது. பெட்டிகளில் அச்சிடப்படும் என்ஆர்ஆர் என்ற எண் மின்சாரமின்றிக் காதை மூடுவதால் மட்டும் கிடைக்கும் குறைப்பைச் சொல்கிறது. ஏஎன்ஆர் தரும் கூடுதல் பயன் அதில் சேராது. டேவிட் கிளார்க் நிறுவனத்தின் புகழ்பெற்ற பச்சை நிற எச்10-13.4 ஹெட்செட்டுக்கு 23 டெசிபல் என்று போட்டிருப்பதைப் பார்த்து, எந்த எண்ணும் போடாத ஏஎன்ஆர் ஹெட்செட் அதைவிடத் தாழ்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. மறுபுறம், ஏஎன்ஆர் விளம்பரங்களில் வரும் பெரிய டெசிபல் எண்கள் பல நேரங்களில் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் மட்டும் கிடைத்த உச்சக் குறைப்பாகவே இருக்கும். கேட்க வேண்டியது அதிர்வெண் வாரியான வரைபடத்தை. அதைத் தராத தயாரிப்பாளரின் ஒற்றை எண்ணுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை.

தாழ்ந்த இரைச்சலை நீக்குவதால் இன்னொரு மறைமுக நன்மையும் உண்டு. உரத்த தாழ் ஒலி, தனக்கு மேலுள்ள அதிர்வெண்களையும் காதில் மறைத்துவிடும் இயல்புடையது. எனவே 100 ஹெர்ட்ஸ் உறுமல் அடங்கினால், ரேடியோவில் வரும் மெய்யெழுத்து ஒலிகள்கூடத் தெளிவாகின்றன. ஒன்றுபோல் ஒலிக்கும் எண்களும் அழைப்புக் குறிகளும் நிறைந்த பேச்சில் இது சிறிய ஆதாயம் அல்ல.

படி 3: எந்த வடிவம் என்பதை முடிவு செய்யுங்கள்

முதல் வடிவம், காதை முழுவதும் சுற்றி மூடுவது. போஸ் ஏ20, ஏ30, லைட்ஸ்பீட் ஜூலு, டேவிட் கிளார்க் ஒன்-எக்ஸ் போன்றவை இவ்வகை. மூடுவதும் அழிப்பதும் ஒருங்கே கிடைப்பதால் டர்போபிராப், ஹெலிகாப்டர், பிஸ்டன் விமானம் ஆகியவற்றுக்கு இதற்கு நிகரில்லை. விலை கொடுக்க வேண்டியது எடையிலும் வெப்பத்திலும்: ஏ20 சுமார் 340 கிராம் இருக்கும். ஒரு மணி நேரப் பறப்பில் தெரியாத எடை பத்து மணி நேரத்தில் கழுத்தில் தெரியும்.

இரண்டாவது, காதின் மேல் படிந்து அமர்வது. டேவிட் கிளார்க் புரோ-எக்ஸ் ஏறத்தாழ 213 கிராம்தான். காதை முழுதாக மூடாததால் உயர் அதிர்வெண்கள் ஓரளவு உள்ளே வரும்; ஆனால் காக்பிட்டில் சக விமானியின் குரல் நேரடியாகக் கேட்கவும் அதுவே உதவுகிறது. சீறல் மிதமாக இருக்கும் ஜெட்டுகளுக்கு இது நடுவழி. காது மடலின் மேல் தொடர்ந்து அழுத்துவதால் சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இதை எந்த விமர்சனமும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, காதுக்குள் செருகுவது. போஸ் புரோஃபிளைட் இரண்டாம் வரிசை ஜெட் காக்பிட்டுகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. எடை ஏறத்தாழ 130 கிராம், ஏஎன்ஆர் அளவை மாற்றிக்கொள்ளவும் வெளி ஒலியை உள்ளே விடவும் வசதி உண்டு. கிளாரிட்டி அலாஃப்ட் போன்றவை மின்சாரமே இல்லாமல், நுரை முனையால் காதுக் குழாயை அடைத்தே நல்ல பயன் தருகின்றன. தலையை அழுத்தும் பட்டை இல்லை, கண்ணாடிக் காம்பு சிக்கலும் இல்லை. ஆனால் முனையின் அளவு பொருந்தாவிட்டால் எல்லாப் பயனும் போய்விடும். காதுக் குழாயில் அரிப்பு, மெழுகு, தொற்று ஆகிய தொல்லை உள்ளவர்கள் இந்த வடிவத்தைத் தவிர்ப்பதே நல்லது. முனைகளை யாருடனும் பகிரக் கூடாது.

என் கருத்தில், டர்போபிராப் ஓட்டுபவர் முதல் வடிவத்தைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. நவீன ஜெட் ஓட்டுபவர் இரண்டாவதிலிருந்தோ மூன்றாவதிலிருந்தோ தொடங்கலாம். சத்தம் மிகுந்ததாகப் பெயர்பெற்ற போயிங் 737 போன்ற காக்பிட்டுகளில்தான் உண்மையான தடுமாற்றம். அங்கே முடிவைச் சோதனைப் பறப்புக்கு விட்டுவிடுங்கள்.

படி 4: பிளக், மைக், மின்சாரம்

வாங்கும் முன் உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் செருகு துளையைக் கண்ணால் பாருங்கள். போயிங் விமானங்களிலும் சிறிய விமானங்களிலும் பொதுவாக இரண்டு தனித்தனி பிளக்குகள்: காதொலிக்கு ஏறத்தாழ 6.3 மில்லிமீட்டர் தடிமனுள்ளது, மைக்குக்கு அதைவிட மெல்லியதாக 5.2 மில்லிமீட்டர். ஏர்பஸ் ஏ320 குடும்பத்தில் ஐந்து ஊசிகள் கொண்ட ஒற்றை எக்ஸ்எல்ஆர் பிளக். ஹெலிகாப்டர்களில் யு-174 என்ற தடித்த ஒற்றை பிளக். சில விமானங்களில் மின்சாரமும் சேர்த்தே தரும் ஆறு ஊசி லெமோ இணைப்பும் உண்டு. மாற்று இணைப்பான்களை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கூடுதல் மூட்டும் கரகரப்புக்கும் தொடர்பு அறுந்து போவதற்கும் ஓர் இடம். நாள்தோறும் ஒரே வகை விமானம் ஓட்டுபவர் அதற்கான பிளக்கோடு வாங்குவதே முறை.

மைக் பொருந்துமா என்பதும் முக்கியம். பயணிகள் விமானங்களின் ஒலியமைப்பு, மைக்குக்குள் இருக்கும் சிறு பெருக்கிக்கு 8 முதல் 16 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தை அனுப்பும். இராணுவ விமானங்களுக்கான பழைய ஹெட்செட்டுகள் மிகக் குறைந்த மின்தடை கொண்ட வேறு வகை மைக்கோடு வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கினால் குரலே போகாது. புதிய ஹெட்செட்டில் ஒரு காது மட்டும் ஊமையாக இருந்தால் பழுது என்று பதறாமல், ஸ்டீரியோ, மோனோ மாற்றும் சிறு விசையைப் பாருங்கள். மோனோ அமைப்பில் ஸ்டீரியோ நிலையில் செருகினால் இப்படித்தான் ஆகும்.

மைக்கின் இரைச்சல் நீக்கம் ஹெட்செட்டின் ஏஎன்ஆரோடு சம்பந்தமில்லாதது. மைக்கின் முன்னும் பின்னும் துளைகள் இருக்கும். தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக நுழைந்து அழிந்துவிடும், அருகிலிருக்கும் வாய் ஒலி முன்துளையில் மட்டும் உரத்து நுழையும். ஆகவே "பேசும் பக்கம்" என்று குறியிட்ட முகம் உதட்டைப் பார்த்தும், உதட்டோரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் அளவு தள்ளியும் இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே மைக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு "கட்டுப்பாட்டு அறைக்கு நான் தெளிவாகக் கேட்கவில்லை" என்று ஹெட்செட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. மைக்கைத் தாங்கும் பூம் பட்டை வைத்த இடத்தில் நிற்கிறதா, மெல்ல மெல்லத் தொய்கிறதா என்பதைக் கடையிலேயே பத்து முறை வளைத்துப் பாருங்கள்.

மின்கலத்தைப் பொறுத்தவரை, ஏ20 இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஏறத்தாழ 45 மணி நேரம் ஓடும். உள்ளேயே மின்னேற்றம் செய்துகொள்ளும் வகையைவிட, எங்கும் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடும் வகையே தொடர் பயணம் செய்யும் விமானிக்கு ஏற்றது என்பது என் எண்ணம். எதுவாயினும், பேச்சு நடுவே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். ஏஎன்ஆர் நின்றாலும் ரேடியோ ஒலி தொடர வேண்டும்; தொடர்வதோடு, வால்யூம் திடீரென எகிறவோ அமுங்கவோ கூடாது. உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைக்க வேண்டும்.

படி 5: காக்பிட்டின் நடைமுறைக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எந்தப் பக்கம் என்ற கேள்வி. கேப்டன் இடது இருக்கையில் அமர்கிறார். துணை விமானி அவருக்கு வலப்புறம். பயண உயரத்தில் சக விமானியின் பக்கமுள்ள காதைத் திறந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பல காக்பிட்டுகளில் உண்டு. எனவே கேப்டனுக்கு மைக்கும் வடமும் இடப்பக்கத்தில், துணை விமானிக்கு வலப்பக்கத்தில் இருப்பது வசதி. இன்று துணை விமானியாக இருப்பவர் நாளை இருக்கை மாறுவார். மைக்கைக் கருவிகள் இல்லாமல் அல்லது ஒரு சிறு திருகாணியால் மறுபக்கம் மாற்ற முடியும் ஹெட்செட்டையே தேர்ந்தெடுங்கள். ஏஎன்ஆர் போட்டபடி ஒரு காதை மட்டும் திறந்து வைக்கும்போது, திறந்த காது மூடியிலிருந்து கீச்சென்று ஒலி எழுகிறதா என்றும் பாருங்கள். ஒரு காது திறந்திருந்தால் அந்தக் காதுக்குப் பாதுகாப்பில்லை என்பதை மறக்க வேண்டாம். வெளி ஒலியை உள்ளே விடும் வசதியோ, எப்போதும் திறந்திருக்கும் இண்டர்காமோ இருந்தால் இந்த வழக்கத்தையே கைவிடலாம்.

அடுத்தது ஆக்சிஜன் முகமூடி. அமெரிக்க விமான நிறுவன விதிகளின்படி, விரைவு முகமூடியை ஒரே கையால் 5 விநாடிக்குள் மாட்டி, ஆக்சிஜன் வரும் நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். காற்றடைத்து விரியும் வார்கள் ஹெட்செட்டின் தலைப்பட்டைக்கு மேலாக வந்து இறுக்கும். அகலமான காது மூடிகள், மேலே துருத்தும் திருகுகள், விறைத்து நிற்கும் பூம் ஆகியவை அதில் சிக்கும். சிமுலேட்டர் பயிற்சிக்குப் புதிய ஹெட்செட்டை எடுத்துச் சென்று முகமூடியோடு சேர்த்து மாட்டிப் பாருங்கள். பூமை ஒதுக்க எத்தனை அசைவு தேவைப்படுகிறது, வார் இறுகியபின் காது மூடி நழுவி இரைச்சல் உள்ளே புகுகிறதா, முகமூடி மைக்குக்கு மாற்றியபின் இருவரும் ஒருவரையொருவர் கேட்க முடிகிறதா என்பவற்றை அங்கேதான் நிதானமாகப் பார்க்க முடியும். போயிங் 737-இல் மைக்கை முகமூடிக்கு மாற்ற ஒரு விசையைத் தள்ள வேண்டும் என்பதால், அந்த அசைவையும் சேர்த்தே பழகுங்கள்.

மூன்றாவது, எச்சரிக்கை ஒலிகள். ஏஎன்ஆர் ஹெட்செட்டுகள் சில ஒலி எச்சரிக்கைகளையும் எந்திர ஓசைகளையும் மறைக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007-இல் விமான இயக்குநர்களுக்குத் தகவல் அறிக்கை அனுப்பியது. ஹெட்செட் வழியாகவே வரும் எச்சரிக்கைகளில் சிக்கலில்லை. காக்பிட் ஒலிபெருக்கி வழியாக மட்டும் வருபவையும், எந்திர அதிர்வாக உணரப்படுபவையும்தான் கவலைக்குரியவை. இதைச் சோதிக்கத் தனி ஏற்பாடு வேண்டாம். புறப்படும் முன் வழக்கமாகச் செய்யும் தீ எச்சரிக்கைச் சோதனை, தரை நெருக்க எச்சரிக்கைச் சோதனை, 737-இல் என்றால் அதிவேக எச்சரிக்கையின் படபடப்பு, விமானம் தூக்குவிசையை இழக்கும் முன் கட்டுப்பாட்டுத் தண்டை அதிரவைத்து எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் ஆகியவற்றை ஏஎன்ஆர் போட்ட நிலையில் ஒரு முறையும் அணைத்து ஒரு முறையும் கேளுங்கள். தரையில் மங்கலாகக் கேட்பது, காற்றின் சீறலுக்கு நடுவே கேட்காது. கூடவே, பழகிய ஒலிகளின் நிறம் மாறித் தெரியும். குளிரூட்டி விசிறி நின்றதைக் காதாலேயே கண்டுபிடித்துவந்தவர் இனி கருவியைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு சிறு சோதனை. எஞ்சின்கள் ஓடும்போது ஹெட்செட்டை மாட்டி, காது மூடிகளின் மேல் உள்ளங்கைகளை வைத்து மெல்ல அழுத்துங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால், கண்ணாடிக் காம்பு காது மெத்தையைத் தூக்கிப் பிடித்து இடைவெளி விட்டிருக்கிறது என்று பொருள். தடித்த காம்புகளை விட்டு மெல்லிய, தட்டையான உலோகக் காம்புக்கு மாறினாலே பல டெசிபல் மீளக் கிடைக்கும். புதிய ஹெட்செட் வாங்குவதைவிட இது எளிது.

புளூடூத் பற்றி ஒரு வார்த்தை. பல விமான நிறுவனங்கள் பணியில் அதை அனுமதிப்பதில்லை. அனுமதி இருந்தாலும், ரேடியோ ஒலி வந்தவுடன் மற்ற ஒலியைத் தானாக அடக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். புளூடூத் இல்லாத வகை கிடைத்தால் அதை வாங்கிவிட்டால் விவாதமே எழாது. அதேபோல் லைட்ஸ்பீட் டெல்டா ஜூலுவில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உணரி ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் உயிர் காக்கலாம். பயணிகள் ஜெட்டில் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டிய அவசியம் இல்லை.

படி 6: அங்கீகாரம்

பயணிகள் விமானத்துக்கு, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தர நிர்ணயமான டிஎஸ்ஓ-சி139 அங்கீகாரம் பெற்ற ஹெட்செட்டையே பாருங்கள். ஐரோப்பாவில் இதற்கு இணையானது ஈடிஎஸ்ஓ-சி139. ஒலித் தரத்தோடு, வெப்பம், அதிர்வு, மின்காந்தக் குறுக்கீடு போன்றவற்றையும் தாங்கும் என்பதற்கான சான்று அது. சந்தையில் கிடைக்கும் இசை ஹெட்ஃபோனில் துணை மைக் ஒன்றை மாட்டிப் பயன்படுத்துவது சிறிய விமானங்களில் பரவலாக இருக்கிறது. இரைச்சல் நீக்கமும் நன்றாகவே இருக்கும். இருந்தாலும் அந்தச் சேர்க்கைக்கு இத்தகைய சான்று கிடையாது, பேட்டரி தீர்ந்தால் என்னாகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நிறுவன விமானத்தில் அதை எடுத்துச் செல்லாதீர்கள்.

நிறுவனத்தின் இயக்கக் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட ஹெட்செட்டுகளின் பட்டியல் இருக்கலாம். பணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுவது, பிறகு திருப்பி அனுப்பும் தொல்லையை மிச்சப்படுத்தும். பூம் மைக் உள்ளதா என்பதையும் கவனியுங்கள்; சர்வதேச விதிகள், உயரமானியின் அமைப்பை மாற்றும் மாறுநிலை உயரத்துக்குக் கீழே பணியிலுள்ள விமானிகள் பூம் அல்லது தொண்டை மைக் வழியாகவே பேச வேண்டும் என்கின்றன.

படி 7: சோதனைப் பறப்பு

திருப்பித் தரும் காலக்கெடு கொடுக்கும் விற்பனையாளரிடமே வாங்குங்கள். பின் இப்படிச் செய்யுங்கள். பழைய ஹெட்செட்டோடு பயண உயரத்தில் பறக்கும்போது, ஹெட்செட்டிலுள்ள வால்யூம் குமிழை முழுவதும் திறந்துவிட்டு, ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் மட்டும் சரிசெய்து, வசதியாகக் கேட்கும் இடத்தைக் கடிகார முள் போல "இரண்டு மணி", "மூன்று மணி" என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே விமான வகையில், அதே கட்டத்தில், புதிய ஹெட்செட்டோடும் அதையே செய்யுங்கள். ஹெட்செட்டுகளின் ஒலித்திறன் வேறுபடும் என்பதால் குமிழின் நிலை மட்டும் தீர்ப்பாகாது. குறைத்து வைத்த நிலையில் கட்டுப்பாட்டு அறையை "மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேட்க நேர்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தரையிறங்கி எஞ்சின் அணைந்தபின் காதில் ரீங்காரமோ, பஞ்சடைத்தது போன்ற உணர்வோ மிஞ்சுகிறதா என்பது இன்னொரு சான்று. மிஞ்சினால், எந்த விளம்பர எண்ணையும் நம்பாமல் அந்த ஹெட்செட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அழுத்தும் வலி மெதுவாகத்தான் வரும் என்பதால், குறைந்தது நான்கைந்து மணி நேரம் கழற்றாமல் போட்டுப் பார்க்க வேண்டும். உச்சந்தலையில் ஒரே புள்ளியில் எரிச்சல் எடுத்தால் தலைப்பட்டையின் நீளத்தை இரு பக்கமும் ஒரு பல் அளவு கூட்டிப் பாருங்கள். தாடை, பொட்டு ஆகிய இடங்களில் வலித்தால் பிடிப்பு இறுக்கம் அதிகம். ஏஎன்ஆர் போட்டதும் சிலருக்குக் காதில் அழுத்தம் ஏறுவது போல ஓர் உணர்வு வரும். பெரும்பாலோருக்கு இரண்டொரு பறப்பில் பழகிவிடும், பழகாதவர்கள் ஏஎன்ஆர் அளவைக் குறைக்க முடிகிற வகையைத் தேட வேண்டும்.

வாங்கிய பிறகு

காது மெத்தைகள் வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் விறைத்து, விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். அப்போது காதை மூடும் பயன் குறைவதோடு, கசியும் இரைச்சலை அழிக்க ஏஎன்ஆர் திணறி, குலுங்கும் காற்றில் "டப் டப்" என்று தட்டும் ஓசையும் எழலாம். அடிக்கடி பறப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை மெத்தைகளை மாற்றிவிடுவது நல்லது. மைக்கின் மேலுள்ள நுரை உறையையும் அப்போதே மாற்றுங்கள். எச்சில் காய்ந்து அடைத்த உறையே பல "மைக் கோளாறுகளுக்கு" காரணம். வடத்தைக் காது மூடியில் இறுகச் சுற்றாமல், பெரிய வளையங்களாக மடித்துப் பையில் வையுங்கள். உள்கம்பி அறுந்துபோவது பெரும்பாலும் பிளக்கின் கழுத்திலோ காது மூடிக்குள் வடம் நுழையும் இடத்திலோதான். பிளக்கைக் கழற்றும்போது வடத்தைப் பிடித்து இழுக்காமல் பிளக்கையே பிடித்து இழுங்கள். தயாரிப்பாளர் எத்தனை ஆண்டு உத்தரவாதம் தருகிறார், வடத்தை மட்டும் தனியே மாற்றித் தருவாரா, பழுதுபார்க்கும் நாட்களில் மாற்று ஹெட்செட் கிடைக்குமா என்ற மூன்றையும் வாங்கும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.